மாடலிங், நடிப்பு, அப்புறம் சொந்தப் படம்: கே தம்பிகளுக்கு ஒரு வழிகாட்டி

போர்ட்ஃபோலியோ எடுத்துத் தருகிறேன், ஏஜென்சியில் பெயர் பதிந்து தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலை வாங்கித் தரும் கோஆர்டினேட்டர் அந்த வேலையின் சம்பளத்தில் கமிஷன் எடுத்துக்கொள்வார், அதுதான் தொழிலின் முறை. சென்னையில் நான் மாடலிங் செய்ய வந்தபோது இதைச் சொல்ல ஆளில்லை. மூன்று மாத வாடகைப் பணத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து நாற்பது படம் எடுத்துக்கொண்டு வந்தேன், அதில் ஒன்றுகூட எந்த வேலைக்கும் உதவவில்லை. கேட்லாக், சில விளம்பரங்கள், சீரியலில் சின்னச் சின்ன வேடங்கள், பிறகு சொந்தமாக மூன்று குறும்படங்கள் என்று வந்த வழியில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண், என்பதால் நமக்கு மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு, அவற்றுக்குத்தான் இதில் அதிக இடம்.

மாடலிங்கில் உங்கள் முகத்தை வாடகைக்கு விடுகிறீர்கள். படம் எடுக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் தங்கள் முகத்தை நம்பி உங்கள் கையில் கொடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முகம் எங்கே, எத்தனை நாள், யார் கண்ணில் படப்போகிறது?

மாடலிங்

ஆரம்பத்துக்கு நான்கு படம் போதும். ஜன்னல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், வெறும் சட்டையில் நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, ஒரு முழு உருவம். போனிலேயே எடுக்கலாம். உயரம், மார்பு, இடுப்பு, ஷூ அளவு எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சட்டை பெரிதாக இருந்தால் ஸ்டைலிஸ்ட் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுவார், சின்னதாக இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

சென்னையில் ஆண் மாடலுக்கு வருவது பெரும்பாலும் துணிக்கடை, வேட்டி, நகைக்கடை, அடுக்குமாடி விளம்பரம். அதில் பாதி நாள் நீங்கள் மாப்பிள்ளை. பட்டு வேட்டியும் மாலையுமாக மணமேடையில் உட்கார்ந்து நான் கொடுத்த ஒரு போஸை என் அம்மா பத்திரிகையிலிருந்து கத்தரித்துப் பூஜை அறையில் ஒட்டி வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த வேலை உங்களை உள்ளே அறுக்கும் என்றால் செய்யாதீர்கள், வாடகை கட்ட உதவும் என்றால் செய்யுங்கள், இரண்டிலும் தவறில்லை.

சம்பளத்தைவிட முக்கியம் பயன்பாட்டு உரிமை. எந்த ஊடகத்தில், எந்த ஊர்களில், எத்தனை மாதம் என்று மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும், தனி ஒப்பந்தம் போடாவிட்டாலும் வாட்ஸ்அப்பிலாவது கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். "எல்லா ஊடகத்திலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அதற்கு விலை பல மடங்கு, இல்லாவிட்டால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். இப்போது இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்கிறேன்: என் படங்களை வைத்து ஏஐ மூலம் புதிய படங்கள் உருவாக்கக் கூடாது. அப்புறம், உடல்நலம், டேட்டிங் செயலி, உள்ளாடை இந்த மூன்றுக்கும் உங்கள் படத்தைத் திருப்பி விற்கக் கூடாது என்று தனியாக எழுதி வாங்குங்கள். ஹெச்ஐவி விழிப்புணர்வு போஸ்டரில் நிற்பது நல்ல வேலை, நானே நின்றிருக்கிறேன், ஆனால் நிற்பதை நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டில் அத்தை பார்த்துவிட்டு போன் செய்யும்போது உங்களுக்கே முதல் தகவலாக இருக்கக் கூடாது.

பணம் வர 60 நாள், 90 நாள் ஆவது சாதாரணம். வழக்கமாக 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கட்டும் வருமான வரி, என்று பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருக்கும்போது அது திரும்பி வரும். நிறையத் தம்பிகள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். என் முதல் படத்தின் சாப்பாட்டுச் செலவு மொத்தமும் அப்படித் திரும்பி வந்த பணம்தான்.

ஆண்களிடமும் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது வாய்ப்புக்குப் பதிலாகப் படுக்கை, கேட்பார்கள். நீங்கள் கே என்று தெரிந்தால் "உனக்கென்ன, பிடித்த விஷயம்தானே" என்று இன்னும் கூசாமல் கேட்பார்கள். சந்திப்பு பகலில், அலுவலகத்தில், எங்கே போகிறீர்கள் என்று ஒரு நண்பருக்குத் தெரிந்திருக்கட்டும். சட்டம் நமக்கு எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து, வயது வந்த இருவர் சம்மதத்துடன் சேர்வது குற்றமில்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையில், முன்பு நம்மைக் குற்றவாளியாக்கிய 377ஆம் பிரிவே மொத்தமாக இல்லாமல் போனதால், வயது வந்த ஆண்மீது சம்மதமின்றி நடக்கும் பாலியல் வன்கொடுமையை நேராகச் சொல்லும் பிரிவும் சேர்ந்து போய்விட்டது. பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டமும் பெண்களுக்கு மட்டுமானது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. இருந்தாலும் மிரட்டிப் பணம் பறிப்பதும், அந்தரங்கப் படங்களைப் பரப்புவதும், அடைத்து வைப்பதும் இன்றும் குற்றம்தான், "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று எவனாவது மெசேஜ் அனுப்பினால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நடிப்பு

கேமரா முன் நிற்கத் தெரிவதும் நடிப்பதும் ஒன்றல்ல. மாடலுக்கு உடம்பு அசையாமல் பேசப் பழகியிருக்கும், நடிகனுக்கு அது அசைந்து பேச வேண்டும். நாடகத்துக்குப் போங்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற இடங்களில் பயின்றவர்களின் குரலையும் நடையையும் கவனித்தால் நான் சொல்வது புரியும். காசு இல்லையென்றால் ஏதாவது நாடகக் குழுவில் மேடைச் சாமான் தூக்கப் போங்கள், ஒத்திகையைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம்.

நமக்கு வரும் வேடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நளினமாக நடந்து, கையை ஆட்டிப் பேசி, ஹீரோவின் நண்பனை உரசிவிட்டுப் போகும் ஒரு ஆள். நளினமாக நடப்பதில் ஒரு கேவலமும் இல்லை, நம்மில் எத்தனையோ பேர் அப்படித்தான் நடக்கிறோம், பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறோம். கேவலம், அந்த நடையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதற்காகவே ஒரு காட்சியை எழுதுவது. வேடம் வந்தால் இயக்குநரிடம் கேளுங்கள்: இவனுக்குப் பெயர் என்ன, என்ன வேலை பார்க்கிறான், இந்தக் காட்சி முடிந்து எங்கே போகிறான்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது வேடமே இல்லை. நான் ஒருமுறை வாடகைக்காக ஒத்துக்கொண்டு நடித்தேன், செட்டில் லைட் தூக்கும் பையன் ஒருவன் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்த பிறகு அந்த வகை வேடத்தைத் தொடவில்லை.

வெளியே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது, நம் தோழர்களும் சேர்த்துத்தான். பிரைடு மாதமான ஜூனில் மட்டும் கூப்பிட்டு வானவில் பின்னணியில் நிறுத்தி, சமூகத்துக்காக இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்கும் பிராண்டுகளுக்கு மற்ற மாதங்களில் வாங்கும் அதே சம்பளத்தைச் சொல்லுங்கள்.

சொந்தப் படம்

யாராவது எழுதித் தருவார்கள் என்று காத்திருந்தால் வயதாகிவிடும். கனடாவின் சேவியர் டோலன் குழந்தை நட்சத்திரமாக நடித்துச் சேர்த்த பணத்தைப் போட்டுத்தான் முதல் படத்தை எடுத்தார், எழுதி இயக்கி அவரே நடித்தார், 2009இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் அது மூன்று பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 20. நம் நாட்டில் ரியாத் வாடியா 1996இலேயே, 377 தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஆர். ராஜ் ராவின் கவிதைகளை வைத்துப் 'பாம்கே' என்ற குறும்படத்தை எடுத்துவிட்டார், அதன் நீளம் சுமார் 12 நிமிடம்தான்.

உங்கள் முதல் படமும் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு பேர், ஒரு வீடு, ஒரு இரவு அல்லது ஒரு பகல். கதை எழுதும்போது முத்தத்தில் தொடங்காதீர்கள். நம் வாழ்க்கையில் காதல் எங்கே தெரியும் என்று யோசியுங்கள். "நீங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரு வாக்கியத்தின் நடுவில் "நீ" என்று சொல்லிவிட்டு, திருத்தாமல் விடுகிறான் பாருங்கள், அந்த ஒரு எழுத்தில் ஒரு படமே இருக்கிறது. ஃபராஸ் ஆரிஃப் அன்சாரியின் 'சிசக்' (2017) மும்பை லோக்கல் ரயிலில் இரண்டு ஆண்கள் பார்த்துக்கொள்வதை மட்டும் வைத்து, ஒரு வசனம்கூட இல்லாமல் எடுத்த படம். தொடுவதே இல்லை, பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். பேசும் சொற்களில் கவனம் வேண்டும். 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் நம்மைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது, பாத்திரங்கள் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், போஸ்டரிலும் பேட்டியிலும் அந்தச் சொற்களைப் பயன்படுத்துங்கள்.

பணம். முதலில் சாப்பாடு, போக்குவரத்து, சவுண்ட், இரண்டு ஹார்ட் டிஸ்க். இந்த நான்கையும் எழுதிவிட்டு மிச்சம் இருந்தால் கேமரா. போனில் எடுத்த படத்தைப் பார்க்கிறவர்கள் மன்னிப்பார்கள், வசனம் கேட்காத படத்தை மன்னிக்கவே மாட்டார்கள். இந்திப் பட இயக்குநர் ஓனிர் தன்னுடைய 'ஐ ஆம்' படத்துக்கு ஃபேஸ்புக் வழியாக 400க்கு மேற்பட்டவர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார், அந்தப் படம் சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. நீங்களும் கேட்கலாம், ஆனால் கொடுத்தவர் பெயரை அவர் அனுமதி இல்லாமல் டைட்டிலில் போடக் கூடாது, நம் படத்துக்குப் பணம் கொடுத்ததே சிலருக்கு வீட்டில் பிரச்சினையாகும். வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதென்றால் வாங்குவதற்கு முன் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

இடம். வீட்டுக்காரரிடம் காட்சி என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் முதல் படத்தில் "இரண்டு நண்பர்கள் பற்றிய கதை" என்று மழுப்பினேன். மதியம் இருவரும் கையைப் பிடித்துக்கொள்ளும் காட்சியைப் பார்த்த வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார், எட்டு பேரும் சோற்றுப் பொட்டலத்தோடு தெருவில் நின்றோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நான்தான் மறைத்தேன். அடுத்த படத்துக்கு உண்மையைச் சொல்லிக் கேட்டேன், மூன்று பேர் மறுத்தார்கள், நான்காவதாக ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா சாவியைக் கையில் கொடுத்து "பூனைக்கு மட்டும் பால் வைத்துவிடுங்கள்" என்றார். கடற்கரை, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களுக்கு அனுமதியும் கட்டணமும் உண்டு, முதல் படத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். கதையில் ராணுவம் வந்தால் இன்னும் யோசியுங்கள். ஓனிர் ஒரு கே ராணுவ வீரரின் கதையை எழுதிப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் தடையின்மைச் சான்று கேட்டபோது 2022இல் மறுத்துவிட்டார்கள்.

நடிகர்களோடு ஒப்பந்தம். இதைத்தான் இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமானதாக நினைக்கிறேன், இரண்டு பக்கத் தமிழில் எளிமையாக எழுதினால் போதும். எந்தக் காட்சியில் எதுவரை தொடலாம், எந்த உடை, எந்தக் கோணம். படப்பிடிப்பு ஸ்டில்லை யார் எடுக்கலாம், எங்கே போடலாம். திரைப்பட விழாவில் மட்டுமா, யூடியூபிலுமா, டிரெய்லரில் இருக்கலாமா, போஸ்டரில் முகம் தெரியலாமா, டைட்டிலில் சொந்தப் பெயரா புனைபெயரா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரி அல்லது வேண்டாம் என்று குறிக்க இடம் விடுங்கள். விழாவில் 200 பேர் இருட்டில் பார்ப்பதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 15 விநாடி வெட்டி வருவதும் ஒன்றல்ல. நடிப்பவர் கே இல்லையென்றாலும் இதே தாள்தான், அக்கம்பக்கம் அவரையும் சும்மா விடப்போவதில்லை. அப்படி நடிப்பவர் நன்றாக நடித்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, பேட்டியில் "துணிச்சலாக நடித்தேன்" என்று சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

நெருக்கமான காட்சியைச் சண்டைக்காட்சிபோலக் கட்டம் கட்டமாக முன்கூட்டியே அமையுங்கள். கை எங்கே, எத்தனை எண்ணிக்கையில் நகரும், யார் முதலில் விலகுவது. அன்று அறையில் கேமரா, சவுண்ட், இயக்குநர் தவிர யாரும் வேண்டாம், மற்றவர்களின் போன் வெளியே ஒரு பையில் இருக்கட்டும். "நாம எல்லாரும் ஃபிரெண்ட்ஸ்தானே, ஃபீல் பண்ணிச் செய்" என்று விடுவதால்தான் பிறகு வாழ்நாள் முழுக்கப் பேசாமல் போகிறார்கள்.

தொழில்நுட்பம் சுருக்கமாக. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டரை விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் டியூப்லைட் படபடவென்று அடிக்கும். நடிகரின் சட்டைக்குள் ஒரு மைக், மேலே நீண்ட கம்பில் பிடிக்கும் ஒரு பூம் மைக், இரண்டும் வேண்டும். சத்தம் போடும் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டு வையுங்கள், சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, ஃபிரிட்ஜைத் திரும்பப் போடவும் மறக்க மாட்டீர்கள். ஒவ்வோர் அறையிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் அது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும். சென்னையில் காக்கையையும் கோயில் ஒலிபெருக்கியையும் நிறுத்த முடியாது, கதைக்குள் சேர்த்துவிடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். பாத்திரம் வாய்க்குள் முணுமுணுத்தாலும் அந்த மெட்டுக்கு உரிமை வாங்க வேண்டும், நண்பர் ஒருவரைப் புதிதாக ஒரு மெட்டுப் போடச் சொல்லுங்கள்.

நீங்களே இயக்கி நீங்களே நடிப்பதாக இருந்தால், கட் சொல்லும் அதிகாரத்தை உதவி இயக்குநருக்குக் கொடுங்கள். மாடலாக இருந்தவர்களுக்கு மானிட்டரில் தன் முகத்தைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும், எதிரே இருப்பவர் என்ன செய்தார் என்பது கண்ணில் படாது. நான் இரண்டு நாள் அப்படிப் பாழாக்கினேன்.

படம் முடிந்த பிறகு

உடனே யூடியூபில் போடாதீர்கள். இணையத்தில் வந்த படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. முதலில் மும்பையின் காஷிஷ், ஸ்ரீதர் ரங்கயன் 2010இல் தொடங்கியது, நம் படங்களுக்குத் தெற்காசியாவிலேயே பெரிய மேடை. சென்னையில் 'ரீல் டிசையர்ஸ்' விழா உண்டு, ஓரினம் குழுவினரின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெளிநாட்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபிரேம்லைன் 1977லிருந்தும் லண்டனின் பிஎஃப்ஐ ஃபிளேர் 1986லிருந்தும் நடக்கின்றன. பல விழாக்களுக்கு ஃபில்ம்ஃபிரீவே தளம் வழியாக விண்ணப்பிக்கலாம், முதல் கெடுவுக்குள் அனுப்பினால் கட்டணம் குறைவு, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நான்கு வரி எழுதிக் கேட்டால் சிலர் தருவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆங்கில சப்டைட்டிலைச் சினிமா தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள், அந்த "நீங்க, நீ" மாற்றத்தைப் பெயர் சொல்லி அழைப்பதாகவோ வேறு எப்படியோ கொண்டுவர அவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்குச் சம்பளம் கொடுங்கள். தியேட்டரில் ஓட டிசிபி என்ற டிஜிட்டல் திரையிடல் வடிவம் வேண்டும், டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துகொள்ளலாம்.

தணிக்கை பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். தியேட்டரில் பொதுமக்களுக்கு வெளியிட்டால்தான் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம், விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு உண்டு, அதை விழா நடத்துபவர்கள் வாங்குவார்கள். ஸ்ரீதர் ரங்கயனின் 'குலாபி ஆய்னா'வுக்கு 2003இல் சான்றிதழ் மறுத்தார்கள், படம் உலகம் முழுக்க விழாக்களில் ஓடியது. தியேட்டர்தான் வேண்டுமென்றால் தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள்.

விழாச் சுற்று முடிய ஓராண்டு ஆகும். அதற்குப் பிறகு இணையத்தில் போடும் முன், கையெழுத்து வாங்கிய தாள் இருந்தாலும், நடித்த ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு வருடத்தில் வேலை மாறியிருக்கும், வீட்டில் நிலைமை மாறியிருக்கும். என் இரண்டாவது படத்தில் நடித்த தம்பி எல்லாவற்றுக்கும் சரி என்று குறித்திருந்தான், படத்தைப் போட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்குப் போன். வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கிறது, நம்மைச் சிறையில் போடும் நாடு, என்ன செய்வது அண்ணா என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே படத்தை எடுத்துவிட்டேன், போஸ்டரையும். டிரெய்லரை எடுத்துப் போட்டிருந்த இரண்டு பக்கங்களுக்கு எழுதி அவற்றையும் எடுக்க வைத்தேன். லீவில் வந்திருந்தபோது என் மூன்றாவது படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது, இரண்டு நாளும் வந்து பூம் மைக் பிடித்தான்.